நாலு பேர்

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பின்னால்
மாடிப்படி முடியும் இடத்தில் என் டிடிபி கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
போன வருஷத்திலிருந்து கடலை வெண்ணெய்.

பாலக்கோடு ரோட்டில் ஒரு ஷெட்.
ஒரே மெஷின். ஒரே டிரம்.
வறுத்து, தோல் ஊதி, அரைத்து,
குழாயைத் திறந்தால் இறங்குவது ஒன்றுதான்.
அதற்கு நாலு பேர் வைத்தவன் நான்.

கறுப்புத் தாளில் மின்னல் வெட்டினால் ‘பீமன் ப்ரோ’.
ஜிம் பையன்கள் கடை வாசலிலேயே திறக்கிறார்கள்.
கரடி சிரித்தால் ‘குட்டி நட்டி’.
தங்க எழுத்தைச் சாய்த்தால் ‘மார்னிங் ராயல்’,
அது ஓசூர் அபார்ட்மெண்டுகளுக்கு.
பச்சை இலை ஒன்று, சணல் கயிறு ஒன்று: ‘காட்டுமேடு’.
இலைக்கு மட்டும் நூற்றுப்பத்து ரூபாய் கூட.
வரைய எனக்கு ஏழு நிமிஷம் ஆனது.

நம்மூர்ப் பேரே வைத்தால் என்னப்பா
என்றுதான் முதலில் கேட்டார் முதலாளி திம்மராயன்.
கள்ளக்கா என்று அடித்துக் காட்டினேன்.
திரையைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.
‘கள்ளச் சரக்குன்னு நெனச்சுக்குவாங்க.
அழிச்சிடு.’

சட்டப்படி முகவரி போட வேண்டும்.
போட்டேன், எறும்பு ஊர்ந்த அளவில்.
அதை என் மகன் படித்துவிட்டான்.

கண்ணாடி போட்டு ரெண்டு மாசம்தான் ஆகிறது அவனுக்கு.
எதைக் கண்டாலும் படிக்கிறான்,
தீப்பெட்டி, கேஸ் சிலிண்டர், மாத்திரை அட்டை.
‘கரடியும் இலையும் ஒரே வீட்லயாப்பா இருக்குது?’

நாகவேணி என்னைப் பார்த்தாள்.
பையனுக்குக் கரடி, தனக்கு இலை
என்று எட்டு மாசமாகக் கணக்கு வைத்திருக்கிறாள்.
நான் எட்டு மாசமாக வாய் திறக்கவில்லை.
தொழில் ரகசியம் என்று சொல்லலாம்.
இலை என்னுடையது என்ற கர்வம் என்றும் சொல்லலாம்.

அவள் சண்டை போடவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு ‘ரெண்டையும் ஊட்டுங்க’ என்றாள்.
ரெண்டு தடவையும் கரடியைத்தான் ஊட்டினேன்.
‘ரெண்டாவது இலை. இது தனீ’ என்றாள்.
ஆமாம் என்றேன்.
மகன் எதையோ சொல்ல வாயெடுத்தான்,
மூன்றாவது விரல் அவனுக்குள் போனது.

நேற்று திம்மராயன் மறுபடி வந்தார்.
அஞ்சாவது வேண்டுமாம். பர்பி, கட்டை கட்டையாக வெட்டி.
‘சின்ன வயசு ஞாபகம் வரணும்ப்பா. வெலை ஏத்திக்கலாம்.’
எந்த ஞாபகம்ணா?
‘எதாவது போடு. உனக்கு ஒண்ணும் இல்லியா?’

இருந்தது.
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
செய்தித்தாளில் வைத்துத் தருவார்கள் கடலை பர்பி.
வெயிலுக்கு வெல்லம் இளகித் தாளைப் பிடித்துக்கொள்ளும்.
உரித்தால் எழுத்து பர்பியோடு வந்துவிடும்,
இடவலம் மாறி.
ஹாஸ்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில்
கடிக்கும் முன் படித்துப் பார்ப்பேன்.
ஒரு தடவை பாதி மந்திரி.
ஒரு தடவை டெண்டர் நோட்டீஸ்.
காணவில்லை விளம்பரம் ஒன்றை
ஆள் பேர் வரும் முன்பே தின்றுவிட்டேன்.
அந்த பர்பிக்குப் பேர் கிடையாது.

ராத்திரி உட்கார்ந்து லேபிள் முழுக்க
வெல்ல நிறத்தில், மங்கலாக,
எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பரப்பினேன்.
ஃபைலுக்குப் பேர்: கடைசி-கடைசி-2.

காலையில் திம்மராயன் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.
‘எழுத்து திரும்பிக் கெடக்குதே, மிஸ்டேக்கா?’
ஆமாங்கண்ணா என்றேன்.
அழித்துவிட்டு ஒரு மாட்டு வண்டியைப் போட்டேன்,
கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது,
போன மாசம் ஒரு அரிசி மண்டிக்கு ஓட்டியது.
‘இதான்ப்பா, இதான்’ என்று தோளைத் தட்டினார்.

பில் அறுநூறு. ஐந்நூறு கொடுத்து
மீதிக்கு ஒரு பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
லேபிள் ஒட்டாதது. டிரம்மிலிருந்து நேராகப் பிடித்தது.
கடை சாத்தும்போது ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தேன்.

என்னவோ குறைகிறது.